வீட்டில் இருப்பவருக்குச் சில யோசனைகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் இரண்டு கூட்டம் கூடும். ஒன்று சாமியாரைச் சுற்றி, இன்னொன்று ஏசுதாஸைச் சுற்றி. சாமியாரிடம் வருகிறவர்கள் பரலோகத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பள்ளிக்கூட அட்மிஷனைப் பற்றித்தான் கேட்பார்கள். ஏசுதாஸிடம் வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான். வெளிநாடு போகிறேன், என்ன கொண்டுபோக வேண்டும், அங்கே எப்படி இருக்க வேண்டும்?

ஏசுதாஸ் பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். மைசூருக்குத் திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஏசி கடையில் வேலை. அவர் பார்த்த வெளிநாடு அந்த ஒன்றுதான். ஆனால் கனடா போகிறவரும் அவரிடம்தான் வருவார், ஜப்பான் போகிறவரும் அவரிடம்தான் வருவார். அவரும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். பைக்கில் சாய்ந்துகொண்டு, ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"பாஸ்போர்ட்டு, சர்டிபிகேட்டு எல்லாம் மூணு செட் ஜெராக்ஸ் எடு. ஒண்ணு கைப்பையில, ஒண்ணு பெட்டியில, ஒண்ணு வீட்ல. மாத்திரை கொண்டுபோனா டாக்டர் சீட்டோட கொண்டுபோ. அங்க கடைக்குப் போனா ரூபாய்ல மாத்திப் பாக்காத, பட்டினி கெடப்ப. மொத மாசம் நம்ம ஆளுங்களோட இரு, ரெண்டாம் மாசத்துலேர்ந்து மத்தவங்களோடயும் பழகு. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத. நீ கட்டாத பார்சல் எதையும் பெட்டியில வைக்காத. உங்க அம்மா கட்டுனதா இருந்தாலும் பிரிச்சுப் பாத்துட்டு வை."

இந்தக் கடைசி விதியில் மனிதர் ரொம்பக் கறார். அடுத்த தெரு சொர்ணலதா டீச்சரின் மகன் ரயான் அயர்லாந்து போனபோது, அவர்கள் வீட்டுக்கே போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொட்டலத்தையும் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கட்ட விட்டார். டீச்சர் அழகாக மடித்து ஒட்டிய பொட்டலங்கள். அந்த அம்மாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட மனிதர், தன் சொந்தப் பெண்டாட்டி வெளிநாடு போகிறாள் என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மோலியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மோலி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ். அவளுக்குக் கீழே வேலை பழகிய பெண்கள் எல்லாம் ஒவ்வொருத்தியாக ஆங்கிலப் பரீட்சை எழுதிப் பறந்துபோய்க்கொண்டிருந்தார்கள். கேக் வெட்டி வழியனுப்பி வழியனுப்பி அலுத்துப்போய், நாற்பத்தைந்தாவது வயதில் அவளும் எழுதினாள். முதல் தடவை போயிற்று. இரண்டாவது தடவை தேறியது. அயர்லாந்தில் கார்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷ வேலை. சம்பளம் அதிகம் என்பது உண்மைதான், அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. பதினேழு வருஷமாக வெளிநாடு என்பது அவளுக்கு அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் சாமான். பால் பவுடர் டப்பா, பாதாம், கம்பளி, தலைவலித் தைலம். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூட அவருடைய கம்பெனி குடும்ப விசா கொடுக்கவில்லை. தன் காலால் ஒரு வெளிநாட்டில் நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. ஆசை என்றே சொல்லிக்கொண்டாள், பூசி மெழுகவில்லை.

ஏசுதாஸ் ஆரம்பத்தில் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. பரீட்சை வகுப்புக்கு அவர்தான் பைக்கில் கொண்டுவிட்டார், தோற்றபோது மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். விசா வந்த அன்றைக்கு மட்டும், "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய் பைக்கைக் கழுவினார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

அவர் தானாக ஆரம்பிப்பார் என்று மோலி காத்திருந்து பார்த்தாள். பிறகு தூண்டிலும் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, ஸ்வெட்டர் எத்தனை எடுத்துக்கட்டும்?"

"அங்க போய் வாங்கிக்கலாம்."

"சர்டிபிகேட்டெல்லாம் எதுல வைக்கறது?"

"ஜெசிகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை துபாய் போகிற ஒரு பையனுக்கு முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். மோலி பைக் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் வேறு. அவளுக்கு வந்த கோபத்துக்கு ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். கோயில் என்பதால் விட்டாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெசிகாவிடம் அன்று மாலை போனில் கொட்டித் தீர்த்தாள்.

"டாடி சும்னே அப்படித்தான் மம்மி, தலைக்கு ஏத்திக்காதீங்க" என்றாள் ஜெசிகா. கன்னடத்தில் படித்து வளர்ந்த பெண், தமிழ் அப்படித்தான் வரும்.

"சும்மா இல்லடி. அவருக்கு இஷ்டமா இல்லையான்னே எனக்குத் தெரியல. அது தெரியாம நான் பிளேன் ஏற மாட்டேன். டிக்கெட் போனாப் போகட்டும்."

சொன்ன பிறகுதான் அது வெறும் பேச்சு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. இன்னும் பத்து நாளில், புதன்கிழமை விமானம். அதற்குள் அவர் வாயிலிருந்து ஏதாவது வர வேண்டும். வராவிட்டால் அவள் போகப் போவதில்லை.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துத் தெருக்களில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு தடவை ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற ஏற்பாடு அது. ஜெபம் இருபது நிமிஷம், டிபன் ஒரு மணி நேரம். இந்த மாதம் மோலிக்கு வழியனுப்பும் சேர்ந்துகொண்டதால் டிபனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூடியது. ஜெபமாலை முடிந்து உளுந்து வடையும் கேசரியும் வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"குக்கரைக் கைப்பையில வச்சுடாதக்கா, வெயிட்டைப் பாத்துட்டு பாம்னு நெனச்சுப்பாங்க."

"புளியைக் கொட்டை எடுத்து உருட்டி வச்சுக்கோ."

"கடைக்குப் போனா ரூபாய்ல மாத்திப் பாக்காத மோலி, பட்டினி கெடப்ப."

எல்லாம் ஏசுதாஸ் எப்போதோ சொல்லிக் கொடுத்தவைதான். அவருடைய சொற்கள் ஊரைச் சுற்றிவிட்டு அவர் வீட்டுக்கே வந்து அவர் பெண்டாட்டி காதில் விழுந்தன. சொன்னவர் சமையல்கட்டு வாசலில் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நீங்க ஏன் சும்மா நிக்கிறீங்க? உங்க வாயால ஏதாவது சொல்லுங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

எல்லோரும் திரும்பினார்கள். மோலியும் திரும்பினாள். கையில் இருந்த வடையைக்கூட அவள் தட்டில் வைத்துவிட்டாள்.

"அவளுக்குத் தெரியாததா" என்றார் ஏசுதாஸ். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மற்றவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். மோலிக்கு முகம் எரிந்தது. துபாய் பையனுக்கு முக்கால் மணி நேரம், எனக்கு மூன்று வார்த்தை கூட இல்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் சொர்ணலதா டீச்சர் ஒரு பார்சலை எடுத்து நீட்டினார். பேப்பரில் சுற்றி, பாலித்தீனில் சுற்றி, மேலே பழைய நைட்டித் துணியில் சுற்றி, டேப் ஒட்டியிருந்தது. வாங்கிய கை கீழே இறங்கியது.

"ரயானுக்கு ஒரு சின்ன பார்சல் மோலி. கொஞ்சம் பலகாரம்தான், வேற ஒண்ணுமில்ல. அவன் டப்ளின்ல இருக்கான், நீ போற ஊருக்குப் பக்கம்தான்."

டப்ளினுக்கும் கார்க்குக்கும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று ஜெசிகா ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தாள். ஆனால் நம் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் ஒரே தெரு. மோலி மறுக்கவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். இந்நேரம் கத்தியோடு வந்திருக்க வேண்டும். டீச்சரே பயந்துகொண்டு அவரைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஏசுதாஸ் பார்சலைக் கையில் வாங்கினார். கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார். திரும்பி வந்து தட்டுகளைப் பொறுக்கினார்.

அந்த இடத்தில்தான் மோலிக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. இந்த மனிதருக்கு ஏதோ ஆகியிருக்கிறது.

மறுநாள் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கடைசி டியூட்டி. காலை ஷிப்ட் முடிந்து, கேக் வெட்டி, இந்தத் தடவை தனக்காக வெட்டி, மத்தியானம் வீடு வந்தபோது, வழியனுப்ப வந்திருந்த ஜெசிகா கூடத்தில் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெரிய அட்டைப் பெட்டி. நீல நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டியிருந்தது.

"நோடு மம்மி, டாடி கட்டின பெட்டியைப் பாருங்க. சூட்கேஸ் பத்தலைன்னு காலைலேர்ந்து உக்காந்து கட்டினாரு."

மோலி குனிந்து பார்த்தாள். பெட்டியின் நான்கு பக்கமும் கறுப்பு மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எம். ஏசுதாஸ், மஸ்கட்.

"நாலு பக்கமும் எழுதியிருக்காரு மம்மி! ஒரு பக்கம்கூட டவுட் வரல அவருக்கு."

ஜெசிகா சிரித்த சிரிப்பு மோலிக்கு வரவில்லை. பெட்டி கட்டுவதில் ஏசுதாஸுக்கு ஈடு இல்லை. ஒவ்வொரு லீவுக்கும் வந்துவிட்டுத் திரும்பும்போது இதே கூடத்தில், இதே மாதிரிக் கட்டுவார். வேலையில் தப்புப் பண்ணுகிற ஆள் இல்லை.

"அவரு எங்க?"

"டேப் வாங்கப் போயிருக்காரு."

"கத்தி எடுத்துட்டு வா. வேற பெட்டியில மாத்திடலாம், அவரு வர்றதுக்குள்ள."

அவருடைய முடிச்சை அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. கயிற்றை அறுத்தார்கள். உள்ளே எல்லாம் அச்சு அசலாக அவர் வேலை. துணிகளைச் சுருட்டி இண்டு இடுக்கில் செருகியிருந்தார். எண்ணெய் பாட்டில் மூடிக்கு மெழுகு வைத்து டேப் சுற்றியிருந்தார். நடுவில் சொர்ணலதா டீச்சரின் பார்சல் இருந்தது, நைட்டித் துணியோடு, ஒட்டிய டேப் ஒட்டியபடி.

மோலி அதைக் கையில் எடுத்தாள். இருபது வருஷமாக வார்டில் எதையெதையோ முகர்ந்து பழகிய மூக்கு. பலகார வாசனை இல்லை இது. வினிகர், பூண்டு, மிளகு. பிரித்தாள். மேலே கொஞ்சம் முறுக்கு, டீச்சர் பொய் சொல்லவில்லை. முறுக்குக்குக் கீழே எவர்சில்வர் தூக்கு. தூக்கு நிறைய எண்ணெய் மிதக்கும் பன்றிக்கறி ஊறுகாய்.

ஜெசிகாவின் சிரிப்பு நின்றது. போனை எடுத்துத் தேடினாள். "மம்மி, இந்தியாலேர்ந்து மாம்சம் எதுவும் அங்க கொண்டுபோகக் கூடாதாம். ஊறுகாயா இருந்தாலும் கூடாது. பிடிச்சா எடுத்துப்பாங்க, கேள்வி கேப்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள். "டாடிக்கு இது தெரியாதா?"

தெரியாமல் என்ன? மஸ்கட்டுக்கு யாராவது இந்த ஊறுகாயைக் கொண்டுபோவதாகச் சொன்னால் கோயில் வளாகம் அதிரக் கத்துவார். ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டாலே பாட்டிலைத் திறந்து காட்டச் சொல்கிற மனிதர்.

பைக் சத்தம் கேட்டது. ஏசுதாஸ் டேப்போடு உள்ளே வந்தார். அறுந்த கயிற்றையும், திறந்த பெட்டியையும், மோலி கையில் இருந்த தூக்கையும் பார்த்தார்.

"பெட்டியில என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க" என்றாள் மோலி.

அவர் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்து, நம்பாமல், சுற்றி வந்து மற்றப் பக்கங்களையும் பார்த்தார். "அட" என்றார்.

"அது போகட்டும். இது என்ன?"

"டீச்சர் பார்சலா? பலகாரம்னாங்க."

"பன்னிக்கறி ஊறுகாய். பிரிச்சுப் பாக்கலையா நீங்க?"

"பாக்கல."

"ஊர்ல ஒருத்தர் பொட்டலத்தையும் விட்டுவச்சதில்ல. என் பெட்டியில மட்டும் பாக்கல." மோலியின் குரல் நடுங்கியது. நடுங்குவது பிடிக்காமல் இன்னும் சத்தமாகக் கேட்டாள். "எவனாவது பிடிச்சு என்னைத் திருப்பி அனுப்பட்டும்னு நெனச்சீங்களா? போக வேணாம்னா வாயைத் தெறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் போகல. இதோ, இப்பவே சொல்றேன், போகல."

ஜெசிகா விவரமான பெண். தூக்கை அம்மா கையிலிருந்து வாங்கி மூடினாள். "நான் இதை டீச்சர் வீட்ல குடுத்துட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த தெருதான். ஆனால் சீக்கிரம் திரும்ப மாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

ஏசுதாஸ் தரையில் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். டேப்பை விரலில் மாட்டிச் சுழற்றினார்.

"அப்படி நெனக்கல மோலி. சத்தியமா இல்ல. கை அது பாட்டுக்குக் கட்டுச்சு. புத்தி இங்க இல்ல."

"வேற எங்க இருந்துச்சு?"

"வியாழக்கிழமைல."

மோலிக்குப் புரியவில்லை.

"புதன்கிழமை உன்னை ஏர்போர்ட் பஸ்ல ஏத்திடுவேன். ஜெசியும் பெங்களூர் போயிடுவா. வியாழக்கிழமை காலைல எந்திரிச்சு நான் என்ன செய்யணும்? பத்து நாளா அதைத்தான் யோசிக்கிறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது." டேப்பைக் கீழே வைத்தார். "போறவன் என்ன செய்யணும்னு கேளு, தூக்கத்துல கூடச் சொல்வேன். உனக்கும் சொல்லணும்னு வாயைத் தெறப்பேன். ஸ்வெட்டரைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா அடுத்தது வேற ஏதாவது வாயில வந்துடும்னு பயம். போறவனைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். இருக்கறவன் என்ன செய்யணும்? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எத்தனை தடவ இந்த வீட்லேர்ந்து கெளம்பியிருக்கேன்? டாக்ஸில ஏறி டோரை மூடுவேன். அதுக்கப்புறம் இங்க என்ன நடக்கும்னு நான் பாத்ததே இல்ல. நீ உள்ள வந்து என்ன செய்வ?"

பதினேழு வருஷத்தில் இதை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. மாமியார் கேட்டதில்லை, சாமியார் கேட்டதில்லை. உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், எப்போது வருகிறார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மோலி பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"நீங்க குடிச்சிட்டு வச்ச காபி டம்ளரைக் கழுவுவேன்" என்றாள். "அப்புறம் பெட்ஷீட். மொத தடவ அன்னிக்கே துவைச்சுப் போட்டுட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் தப்புன்னு தெரிஞ்சுது, வெறும் சோப்பு வாசனை. அடுத்த தடவையிலேர்ந்து ஒரு வாரம் விட்டுட்டுத்தான் துவைப்பேன். நீங்களும் உடனே துவைக்காதீங்க."

அவர் தலையாட்டினார். கோயில் வளாகத்தில் பையன்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டுவது போலவே ஆட்டினார்.

"மொத மாசம் ஒண்ணும் தெரியாது. எல்லாரும் சாப்பிடக் கூப்பிடுவாங்க, குழம்பு குடுத்தனுப்புவாங்க. மூணாம் மாசம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சுப்பாங்க. அந்த மூணாம் மாசம் ஜாக்கிரதையா இருக்கணும். அரிசி போடறப்போ கை பழைய அளவுலதான் போடும், அதனால டம்ளரையே மாத்துங்க. நான் சின்ன டம்ளர் ஒண்ணு வாங்கினேன், இன்னும் அலமாரில இருக்கு. நின்னுகிட்டுச் சாப்பிடாதீங்க. ஒரு ஆளுக்குத்தானேன்னு நின்னுகிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சா அப்புறம் சமைக்கறதே நின்னுடும். கல்யாண வீட்டுக்குத் தனியாப் போனா ஓரத்து சேர்ல உக்காராதீங்க. நடுவுல போய் உக்காருங்க. ஓரத்துல உக்காந்தா பாவப்பட்டு வந்து பேசுவாங்க, அதைவிட எரிச்சல் வேற இல்ல."

"காய்ச்சல் வந்தா?"

"எனக்குப் போன் பண்றதுக்கு முன்னால பக்கத்து வீட்ல சொல்லுங்க. நான் அங்கேர்ந்து கஞ்சி வைக்க முடியாது."

"கேஸ் தீந்துட்டா?"

மோலி அவரை உற்றுப் பார்த்தாள். "கேஸ் புக் பண்ணத் தெரியாதா?"

"எந்த நம்பர்லேர்ந்து பண்றதுன்னு தெரியாது."

"ஆறு வருஷமா இந்த வீட்ல இருக்கீங்க."

"விருந்தாளியாத்தான் இருந்திருக்கேன் போல" என்றார் ஏசுதாஸ். சிரிப்பதற்காகச் சொன்னார், சிரிக்க வரவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது. போனை வாங்கி, கேஸ் நம்பரையும் கரன்ட் பில் கட்டுகிற விதத்தையும் காட்டிக் கொடுத்தாள். குழாயில் தண்ணீர் வராத நாட்களைச் சொன்னாள். பால் பாக்கெட் போடுகிற தேவம்மாவுக்கு எந்த நேரத்தில் கதவைத் திறந்து வைக்க வேண்டும், மாவு அரைக்க எந்தக் கடை, எந்தக் கடைக்காரன் பழைய தேங்காயைத் தள்ளிவிடுவான், எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இத்தனை தெரிந்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியம்.

"சாயங்காலம் லைட் போடற நேரத்துல மட்டும் வீட்ல சும்மா உக்காந்திருக்காதீங்க" என்றாள் கடைசியில். "அந்த நேரம் பொல்லாதது. கொத்தமல்லி வாங்கவாவது வெளிய போயிடுங்க. நான் அப்படித்தான் போவேன். வீட்ல எப்பவும் கொத்தமல்லி அழுகிட்டுக் கெடக்கும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்" என்றார் அவர். "அங்க அன்னிக்குத்தான் லீவு. சாப்பிட்டுட்டு ரூம்ல எல்லாரும் செவுத்தைப் பாத்து திரும்பிப் படுத்துப்பாங்க. ஒருத்தனும் தூங்க மாட்டான். ஒருத்தனும் பேசவும் மாட்டான். நானும் அப்படித்தான் படுத்திருப்பேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் உனக்குப் போன் பண்ணுவேன்."

"நல்லா இருக்கேன்னு சொல்வீங்க."

"நீயும் அதைத்தான் சொல்வ."

"இனிமே அதைச் சொல்ல வேணாம்" என்றாள் மோலி. "நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லுவோம். நான் அங்க மழையில நனைஞ்சா நனைஞ்சேன்னு சொல்றேன். நீங்க பட்டினி கெடந்தா கெடந்தேன்னு சொல்லுங்க. ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லவா போன் கண்டுபிடிச்சாங்க?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. ஜெசிகா இல்லை. பிறகு ஏசுதாஸ், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஏன் ஒரு தடவ கூட போகாதீங்கன்னு சொல்லல?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

"நின்னிருக்க முடியாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவையும் பாப்பேன், இந்தத் தடவயாவது சொல்லுவியான்னு. டாக்ஸி வந்து நிக்கற வரைக்கும் பாப்பேன். நீ, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களான்னு கேப்ப."

மோலிக்கு அந்தத் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அதைக் கேட்பதற்கு முன்னால் சமையல்கட்டில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டதும் ஞாபகம் வந்தது.

"சொன்னா அழுதுடுவேன். நான் அழுதா நீங்க போற வழியெல்லாம் அதையே நெனச்சிட்டுப் போவீங்க. சொல்லாம இருந்தா உங்களுக்குச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

"நான் இல்லாமயே உனக்குச் சுலபமா இருக்குன்னு நான் நெனச்சேன்" என்றார் ஏசுதாஸ்.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது, அவர் மேலும் தன் மேலும். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் பார்த்துப் பார்த்து, தான் யாருக்கும் வேண்டாதவர் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நம்பிக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள். அந்த வருஷங்களை இனி எங்கே போய்க் கேட்பது?

ஏசுதாஸ் பெட்டியைத் தள்ளிவிட்டு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். கோயில் வளாகத்தில் அவ்வளவு பேசுகிறவர், ஒரு சொல்லுக்காக இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"போகாத மோலி" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுட்டு நின்னுடாத. நீ போயே ஆகணும், கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கின வேலை. நாளைக்கு நானே வேற பெட்டி கட்டித் தர்றேன், ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்துக் கட்டறேன். ஸ்வெட்டர் ரெண்டு போதும், மழைக்கு நல்ல கோட்டு அங்க வாங்கிக்க. ஆனா நான் சொல்லிட்டேன். சொல்லலன்னு நீ ஒரு நாளும் நெனக்கக் கூடாது."

புதன்கிழமை போகலாம் என்று மோலிக்கு அப்போது தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.